கோணல் போர்வை

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் துணி மூட்டை சுமந்து, பேரம் பேசிப் பேசியே கடைக்காரர் ஆனவர் பொன்னுரங்கம். அவரிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினவர்கள் குறைவு. தையல் டீச்சர் தில்ஷாத் சொல்லிவிட்டாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவருக்கு ஐம்பத்தெட்டு.

தில்ஷாத் சொல்லிக் கொடுப்பது கோணல் போர்வை. தையற்கடைகளில் மிஞ்சும் துண்டுகளைக் கிடைத்த வடிவிலேயே அடித்துணியில் வைத்து, சேருமிடமெல்லாம் மீன்முள் தையலால் மூடுவது. என்றோ விட்டுப்போனது, அவள் கையால் ஊரில் மறுபடி கிளம்பியிருந்தது. சனிக்கிழமை கண்காட்சி. அவளிடம் தைக்கக் கற்றுக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் போர்வை மட்டும் அதில் கிடையாது.

"ஏனுங்க டீச்சரம்மா, இது எந்த ஊரு நியாயம்?" வந்த வேகத்தில் ஒற்றைக் கால் செருப்போடு வகுப்புக்குள் வந்து நின்றார். "சந்தைக்காரனையெல்லாம் வரச் சொல்லிப்போட்டேன். மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது?"

"உட்காருங்கண்ணா."

"உட்காரமாட்டேன்! அத்தனையும் புதுப் பட்டு. பேல் மூட்டை பிரிச்சு நானே வெட்டினது. அதுல கந்தல் ஒண்ணு காட்டுங்க பாப்போம்!"

"நானும் அதைத்தாங்கண்ணா தேடினேன்."

அவருக்குக் காது சிவந்தது. ஒரு வாடிக்கையாளன் இப்படிப் பேசியிருந்தால் கடையை விட்டே இறக்கியிருப்பார்.

"இத்தனை கோணலா எப்படி வெட்டினீங்க?" என்று கேட்டாள் தில்ஷாத்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலப் பையிலிருந்து அட்டைகளை எடுத்தார். "ஏழு அட்டைங்க. ஏழும் ஏழு கோணல். அதை வெச்சு வெட்டினது எழுபது கட்டம். ஒரு நூலிழை மாறாது!"

தில்ஷாத் அவருடைய போர்வையை விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். நட்டநடுவே, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தாள்.

"அய்யோ! பட்டும்மா அது! உங்களுக்கு மனசாட்சி இருக்குதா?"

"ஓட்டையை அடைங்கண்ணா."

அட்டைகளை ஒவ்வொன்றாக ஓட்டைமேல் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். ஏழில் ஒன்றும் உட்காரவில்லை. அட்டைகளை வீசி எறிந்தார்.

அவள் கந்தல் கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

திட்டிக்கொண்டே கிளறினார். பழைய லுங்கித் துண்டு ஒன்று மூன்று பக்கம் மூடியது, நாலாவது பக்கம் ஒரு விரல் குறைந்தது. அந்த ஒரு விரலுக்கு ஒரு ரவிக்கைக் கைத்துண்டு. அது கொஞ்சம் நீண்டது. நீண்டதை மடக்கினால் மூலையில் சந்து விழுந்தது. "உன்னோட பேசறதுக்கு வியாபாரிங்க கூடப் பேசிரலாம்" என்று துணியையே வைதார். மத்தியானம் ஆயிற்று. கடைசித் தையலை இழுத்து முடிச்சுப் போட்டபோதுதான் இன்னொரு செருப்பும் காலை விட்டுக் கழன்று கிடப்பதைப் பார்த்தார்.

தில்ஷாத் போர்வையை மடித்துக் கண்காட்சிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அவருக்கு மறுபடி கோபம் வந்தது. "நல்லா இருந்தப்ப வேண்டாம்னீங்க. இப்ப எடுத்து வெக்கறீங்க. நடுவுல லுங்கியப் பார்த்தா சந்தையே சிரிக்குமே!"

"சிரிக்கட்டுங்கண்ணா. அந்தக் கையகலம்தான் நீங்க தெச்சது. மத்ததெல்லாம் அட்டை தெச்சது."