உலகம்மையார் கேட்ட பழி

பொதிகை அடிவாரத்து ஊர் ஒன்றில், முதியோர் வார்டில் செவிலியராய்த் தொண்டு செய்துவந்தார் உலகம்மையார். மலம் துடைப்பார், புண் கழுவுவார். வாயில் ஐந்தெழுத்து ஓயாது. தேறி வீட்டுக்குப் போகும் எவரையும் அவர் லேசில் விடமாட்டார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, மாத்திரையை அவர்கள் உள்ளங்கையில் வைத்து, "இது எதுக்கு, எப்பம் போடணும்? நீங்களே சொல்லுங்க" என்பார். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. விரதம் உண்டா என்றும் கேட்பார். "உலகம்மா பள்ளிக்கூடம் தொறந்துட்டா!" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசினார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

அடியார் என்றால் சாந்தமே உருவானவர் என்று நினைக்கிறீர்களா? நல்ல நினைப்புதான்! இந்த அம்மையின் நெஞ்சில் கொள்ளிக்கட்டை அல்லவா எரிந்துகொண்டிருந்தது.

அவர் இளம்பெண்ணாய் இருந்தபோது, தந்தையார் சர்க்கரை நோய்க்கு இதே வார்டில் கிடந்து தேறினார். வீட்டுக்கு அனுப்பும்போது, அன்றைய தலைமைச் செவிலியர் சொர்ணத்தம்மாள் மாத்திரைப் பையை நீட்டி, "விடாமப் போடும்" என்றார்.

"தாயி, திங்கக்கிழமை பொழுதுக்கும் நான் சோறு தொடமாட்டேனே. அன்னைக்கும் போடணுமா?"

"சொன்னதைச் செய்யும், பெரியவரே! எனக்கு வேற சோலி இல்லியா?"

சோமவாரம் வந்தது. வெறும் வயிற்றில், கோயில் தீர்த்தத்தோடு மாத்திரையை விழுங்கினார். வேர்த்துக்கொட்டி மயங்கியவரை மறுபடி அதே வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். பிழைக்கவில்லை.

அன்று முதல் திருநீறு பூசும்போதெல்லாம் உலகம்மையார் கேட்ட வரம் ஒன்றே: "சாமி, அவளை என் கையில கொடும்!"

கொடுத்தான் ஐயன். ஓய்வுபெற்று முதுமை அடைந்த சொர்ணத்தம்மாள், சர்க்கரை ஏறி அந்த வார்டுக்கே வந்து சேர்ந்தார். உலகம்மையாரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை, மகன் ஆட்டோவோடு வாசலில் நின்றான். உலகம்மையார் கட்டிலில் உட்காரவில்லை. பையை நீட்டி, "விடாமப் போடுங்க" என்றார். அவ்வளவுதான். யார் குற்றம் சொல்ல முடியும்? அவர் வயிறு குளிர்ந்தது. ஆமாம், குளிரத்தான் செய்தது!

வாசல்வரை போன கிழவி திரும்பினார். "ஏளா, நர்சா இருந்தவதான், இப்பம் புத்தி தடுமாறுது. நாளைக்கு சோமவாரம், சோறு தொடமாட்டேன். அன்னைக்கும் போடணுமா?"

அப்பா கேட்ட அதே கேள்வி! உலகம்மையாருக்கு 'சொன்னதைச் செய்யுங்க' என்ற விடை நுனிநாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் பழி தீர்ந்தது. மறுகணம் கிழவியின் கையைப் பற்றி இழுத்துவந்து கட்டிலில் உட்காரவைத்தார்.

"எங்கப்பாவும் இதையேதான் உங்ககிட்ட கேட்டாரு. சோலி இருக்குன்னீங்க. செத்துப்போனாரு."

கிழவிக்கு முகம் வெளுத்தது. "மகளே..."

"அழாதீங்க, சொல்லுங்க! சாப்பிடாம இந்த மாத்திரை போடலாமா?"

"கூடாது."

"விரதம்?"

"டாக்டர்ட்ட கேக்காம இருக்கமாட்டேன்."

"படபடன்னு வேர்த்தா?"

"உடனே சீனி."

"மறுபடியும்!"

மகன் அவசரப்படுத்தினான். உலகம்மையார் விடவில்லை. கிழவி அழ அழச் சொல்லவைத்தார். பழிவாங்கல்தான் அது, வேறென்ன?

மறுநாள் மாலை சந்நிதியில் நின்று, "கையில கொடுத்துட்டுப் பறிச்சுக்கிட்டீரே!" என்று சண்டைக்கு நின்றார். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். சொர்ணத்தம்மாள்! இட்லி தின்ற தெம்போடு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு. அந்நேரம் ஐயனின் வலத்தோளிலிருந்து கொன்றைப்பூ ஒன்று நழுவி விழுந்தது.

"சாமி பூ கொடுத்துட்டார்மா, உனக்குத்தான்" என்று குருக்கள் அதை எடுத்து உலகம்மையார் கையில் வைத்தார்.

கைக்கு வந்த பகையை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய அந்தக் கோபக்கார அம்மையின் அடி நம் தலைமேல்.