கருவண்டை அழைக்கப் போன சால்வியா

அந்தக் காலத்தில் செடிகொடிகள் பேசும். மனிதர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தோட்டத்துக்குப் போனால் ஏதாவது ஒரு செடி எதையாவது சொல்லும். காதில் வாங்கிக்கொண்டே களை எடுப்பார்கள்.

மலையடிவாரத்தில் வேலாத்தாள், செங்கோடன் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் அவர்கள் தோட்டம். கத்தரி, வெண்டை, மிளகாய், மூங்கில் பந்தலில் அவரை, கிணற்றை ஒட்டி ஒரு சால்வியா. அப்போது சால்வியா குச்சி மாதிரி நேராக, ஒடுங்கி நிற்கும் செடி. உச்சியில் நீலப் பூக்கள் மட்டும் இருக்கும். பூ என்றால் வெறும் குழல்தான், உதடு கிடையாது.

வேலாத்தாளின் தோட்டத்தில் ஒரே சட்டம். எந்தச் செடியாக இருந்தாலும் ஆடி விதைப்புக்கு முன்னால் விதை தர வேண்டும். தராத செடிக்கு மண்வெட்டி. சால்வியா போன ஆடிக்கும் தரவில்லை, அதற்கு முந்தைய ஆடிக்கும் தரவில்லை.

"இந்த ஆடிதான் கடைசி," என்றாள் வேலாத்தாள். "அந்த எடத்துல சுண்டை வெச்சாக் கொழம்புக்காச்சும் ஆகும்."

"நீலமா எத்தனை அழகா இருக்குது, விட்டுடேன்," என்றான் செங்கோடன்.

"ஏனுங்க, அழகைச் சோத்துல பெசஞ்சு திங்க முடியுமாக்கும்?"

செங்கோடன் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஏற்றம் மிதிக்கப் போய்விட்டான்.

விதை வராத காரணம் சால்வியாவுக்குத் தெரியும். ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போக வேண்டும். தேன் இருந்தது குழலின் அடியில். மகரந்தம் இருந்தது அதன் கூரையில். தேன் குடிக்க வருகிறவரோ கருவண்டு ஒருவர்தான். அவரைக்கொடிப் பந்தலின் மூங்கிலைக் குடைந்து வீடு கட்டியிருந்தார். தன் பளபளக்கும் கறுப்பு உடம்பின் மேல் அவருக்கு அபார மரியாதை. கூரையில் படாமல் குனிந்து வருவார், குடிப்பார், குனிந்தே போய்விடுவார்.

"மாமா, மேல இருக்கற பொடியைக் கொஞ்சம் அடுத்த பூவுல போட்டுட்டுப் போங்களேன்," என்று சால்வியா கேட்டது.

"பொடியா? முதுகுல மஞ்சளா ஒட்டிக்கிட்டா நான் எப்படிக் கழுவறது? நாளைக்கு ஒரு விசேஷத்துக்குப் போகோணும்."

அவருக்கு எந்த நாளும் நாளைக்கு ஒரு விசேஷம் இருந்தது.

அவரைக்கொடி பந்தல் மேலிருந்து சிரித்தது. "நீ போனா எனக்குக் கொஞ்சம் காத்து வரும், சால்வியா."

சால்வியா கிணற்றடி ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. செங்கோடன் நீண்ட மரத்தின் மேல் முன்னே நடந்தால் ஒரு முனை தாழ்ந்தது. பின்னே நடந்தால் மறுமுனை தாழ்ந்தது.

"அண்ணா, இதுக்கு ரொம்பப் பலம் வேணுமோ?"

"எனக்கெதுக்குப் பலம்?" என்றது ஏற்றம். "மிதிக்கறவன் பலந்தான் எல்லாம். நடுவுல ஒரு அச்சு இருந்தாப் போதும்."

அடுத்து விரிந்த பூக்களில் சால்வியா இரண்டு ஏற்பாடுகள் செய்தது. கீழே உதட்டை நீட்டி, உட்காருவதற்குப் பலகை போல வைத்தது. தொண்டையில் சின்னதாக ஓர் ஏற்றம் கட்டியது. அதன் கீழ்முனை தேனுக்குப் போகும் வழியை மறித்தது. மேல்முனையில் மகரந்தம் இருந்தது.

கருவண்டு வந்தார். பலகையைப் பார்த்து மகிழ்ந்து உட்கார்ந்தார். தலையை உள்ளே விட்டுக் கீழ்முனையை முட்டினார். புதிதாகக் கட்டியதால் அச்சு விறைப்பாக இருந்தது. மேல்முனை முதுகில் பளாரென்று விழுந்தது. அவர் உருண்டு கத்தரி இலையில் போய் விழுந்தார்.

"விருந்துன்னு உக்கார வெச்சு முதுகுல சாத்தறயா? இனி உன் வாசலை மிதிச்சா என்னன்னு கேளு!"

பறந்துபோய் மூங்கிலுக்குள் நுழைந்துகொண்டார். மாமனுக்குக் கோபம் என்று தோட்டம் முழுக்க அவரைக்கொடி செய்தி சொன்னது.

சால்வியா அச்சைத் தளர்த்தியது. ஆனால் மிதித்துப் பார்க்க ஆள் இல்லை. பூக்கள் விரிந்து, விதையில்லாமல் உதிர்ந்தன. வைகாசி பிறந்தது. ஓர் எறும்பிடம் மன்னிப்புச் சொல்லி அனுப்பியது. எறும்பு திரும்பி வந்து, "நேர்ல வந்து அழைக்கோணுமாம்," என்றது.

கோபித்துக்கொண்ட மாமனை ஆள் அனுப்பி அழைத்தால் வர மாட்டார். வீட்டுக்கே போய் நிற்க வேண்டும். இது தெரியாத குடும்பம் அந்தப் பக்கத்தில் இல்லை. செடிக்குத்தான் கால் இல்லை.

சால்வியா அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தது. நேராக நின்ற தண்டைச் சாய்த்தது. பக்கத்தில் புதுக் கிளைகளை விட்டு நீட்டியது. மாமன் எந்த மூங்கிலில் இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. அவரைக்கொடியும் சொல்ல மறுத்துவிட்டது. அதனால் நாலு பக்கமும் போயிற்று. "தங்கச்சி, கொஞ்சம் தள்ளிக்க," என்று மிளகாயைத் தாண்டியது. வெண்டையின் மேல் படுத்து எழுந்தது. ஆனி பிறந்து சில நாளில் மூங்கில் ஓட்டைக்கு எதிரே ஒரு நீலக் கொத்து வந்து நின்றது.

"மாமா."

"யாரு?"

"நாந்தான் சால்வியா. தப்பு என்னுதுதான். வாங்க."

கருவண்டு தலையை நீட்டினார். கிணற்றடி வரை நீண்டு கிடந்த கிளையைப் பார்த்தார். "உனக்கு நடக்கத் தெரியாதே?"

"தெரியாதுங்க."

கருவண்டு ஓட்டையை விட்டு முழுதாக வெளியே வந்தார். "அந்தப் பலகை இருக்குதா இன்னும்?" என்று கேட்டார்.

உட்கார்ந்தார். தலையை விட்டார். முதுகில் இதமாக ஒரு தட்டு விழுந்தது.

"இது என்ன?"

"பெரியவங்க வந்தா முதுகுல தட்டி உள்ள கூப்பிடறது எங்க வழக்கமுங்க."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார் கருவண்டு. பிறகு அந்தத் தட்டு வாங்குவதற்காகவே ஒரு பூ விடாமல் போய் உட்கார்ந்தார்.

ஆடி பிறந்தது. வேலாத்தாள் மண்வெட்டியோடு வந்தாள். வெண்டைப் பாத்தியே கண்ணில் படவில்லை.

"ஏனுங்க, இந்த அநியாயத்தை வந்து பாருங்க!"

கோபத்தில் ஒரு கிளையைப் பிடித்து உலுக்கினாள். காய்ந்த பூக்கிண்ணங்களிலிருந்து கறுப்பு விதைகள் உள்ளங்கையில் உருண்டன. அப்படியே நின்றுவிட்டாள்.

"விதையாட்டம் இருக்குது," என்றான் செங்கோடன்.

"எனக்கும் கண்ணு இருக்குது," என்றாள். சட்டம் அவள் போட்டது. மண்வெட்டியைச் சாத்திவிட்டு அரிவாளை எடுத்து, முழங்கால் உயரம் விட்டு மிச்சத்தை வெட்டினாள். "இருந்துட்டுப் போ. ஆனா என் வெண்டை மேல படுத்தா இதுதான்."

சால்வியா சரி என்றது.

அன்று முதல்தான் சால்வியாப் பூவுக்குள் தலைவிடும் வண்டின் முதுகில் ஒரு தட்டு விழுகிறது. அன்று முதல்தான் அந்தச் செடி நட்ட இடத்தில் நிற்காமல் நாலு பக்கமும் சாய்ந்து படர்கிறது. வீட்டுக்காரர்களும் வருடா வருடம் திட்டிக்கொண்டே அதை முழங்காலுக்கு வெட்டிவிடுகிறார்கள். ஒரு மழை பெய்தால் போதும், மறுபடியும் யாரையோ நேரில் அழைக்க அது புறப்பட்டுவிடுகிறது.