அளப்பதற்கு முன் எடுத்த படம்

"என் ஆள் ஒருத்தன் பொய் எழுதுறான், குருவே. பிடிச்சுக் குடுங்க."

கேட்டவர் டாக்டர் மாசிலாமணி. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுத் தலைவர், வயது ஐம்பத்தாறு. அவர் குரு என்றது, தன் சந்தேகங்களைத் தீர்த்துவைக்கும் செலினை. கதிரியக்க அளவுகளைச் சோதிக்க ஆண்டுக்கொரு முறை வருபவர்; டாக்டரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

"யாரு?"

"சகாயம். ஊசி மருந்தை அளந்து போடுறவன். எழுதுறதைவிடக் கம்மியாப் போடுறான். மிச்சத்தை என்ன பண்றான்னு தெரியல."

"வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்புல ஊத்துறாரா?"

மாசிலாமணி சிரிக்கவில்லை.

"மூணு வாரமா வர்றவங்க எல்லாருக்கும் கல்லீரல் ஒரே மாதிரி மங்கலாத் தெரியுது. ஊருக்கே சேர்ந்து மங்குமா?"

"சந்தேகம் சரிதான்."

"அப்ப சகாயம்தான்."

"அதை நான் சொல்லல."

வெளியே பெஞ்சில் முத்துப்பேச்சி காத்திருந்தார். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். கழுத்தில் கட்டி. இரண்டு மாத மருந்துக்குப் பிறகு படத்தில் கட்டியின் ஒளிர்வு முப்பது சதவீதமாவது குறைந்திருந்தால் அதே மருந்து. இல்லாவிட்டால் வேறு மருந்து. நேற்றைய படத்தில் முப்பத்துமூன்று குறைந்திருந்தது. நல்ல செய்தி என்று அவரிடம் சொல்லியும் ஆயிற்று.

படமெடுக்கும் முன் போடும் ஊசி மருந்தின் கதிர் ஓயாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். அளந்த நேரத்துக்கும் படமெடுத்த நேரத்துக்கும் இடையே எவ்வளவு தேய்ந்தது என்று கணக்கிட்டுத்தான் மெஷின் ஒளிர்வைச் சொல்லும்.

செலின் சகாயத்தைக் கூப்பிட்டார்.

"ஒரு ஊசி அளந்து எழுதுங்க."

சகாயம் அளந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினார். பதினொன்று இருபது. மாசிலாமணி அவர் தோளுக்குப் பின்னால் மூச்சுப்படும் தூரத்தில் நின்றார். அளவு சரியாக இருந்தது.

செலின் அந்த ஊசியை ஈயப் பெட்டியில் வைத்து நேரே மெஷினுக்குக் கொண்டுபோனார். படம் ஓடத் தொடங்கியது. திரையில் நேரம் பதினொன்று பத்து.

"டாக்டர், அளக்கிறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே படம் எடுத்திருக்கோம்."

மாசிலாமணி திரையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுவர்க் கடிகாரம் பதினஞ்சு நிமிஷம் முன்னால ஓடுது மேடம்," என்றார் சகாயம். "இங்க எல்லாருக்கும் தெரியும்."

"யாரு தள்ளி வச்சது?"

"சார்தான். மூணு வாரமாச்சு. நாங்க லேட்டா வர்றோம்னு."

"இப்ப நேரத்துக்கு வர்றீங்களா?"

"பதினஞ்சைக் கழிச்சுக்கிட்டு எப்பவும்போல வர்றோம்."

"எழுதும்போது ஏன் கழிக்கல?"

சகாயம் தயங்கினார்.

"கழிச்சு எழுதினா, சுவர்ல ஒரு நேரம் காகிதத்துல ஒரு நேரமான்னு சார் சந்தேகப்படுவாரு."



செலின் பேனாவை நீட்டினார். மாசிலாமணி நேற்றைய கணக்கை எடுத்தார். ஊசி மருந்து தேய்ந்த நேரத்தை மெஷின் பதினைந்து நிமிடம் குறைவாக எடுத்து, ஒளிர்வையும் குறைத்துச் சொல்லியிருந்தது; அந்தப் பதினைந்தைச் சேர்த்துப் போட்டார். முப்பத்துமூன்று, இருபத்தாறு ஆயிற்று. நம்பாமல் இன்னொரு முறை போட்டார். இருபத்தாறுதான்.

"சுலபம்தான்," என்றார். "எல்லா அறிக்கையையும் திருத்திடலாம்."

"திருத்துங்க. முதல்ல வெளிய உட்கார்ந்திருக்கிற அம்மா."

மூவரும் வெளியே வந்தார்கள். முத்துப்பேச்சி எழுந்து நின்றார்.

"உட்காருங்கம்மா," என்றார் மாசிலாமணி. "மருந்தை மாத்த வேண்டியிருக்கு. நேத்துச் சொன்னது தப்பு."

"நல்லாக் குறைஞ்சிருக்குன்னீங்களே."

"அவ்வளவு குறையல. கடிகாரத்துல தப்பு. அதைத் தள்ளி வச்சது நான்தான்."

முத்துப்பேச்சி அவர் முகத்தையே பார்த்தார். சோறு வெந்துவிட்டதா என்று பார்ப்பவரைப்போல, அவசரப்படாமல்.

"நேத்தும் இதே மாதிரி உறுதியாத்தான் சொன்னீங்க. இன்னைக்குச் சொல்றது மட்டும் சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாசிலாமணி உதவிக்காகச் செலின் பக்கம் திரும்பினார்.

செலின், குருவை வணங்குவதுபோல, முத்துப்பேச்சியைப் பார்த்துக் கைகூப்பி நின்றிருந்தார்.