எருக்கு பூத்த தெரு

முன்னொரு காலத்தில் வேம்பாற்று நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பாதி நேரம் கனவிலேயே இருப்பார். ஒரு சாயங்காலம் உப்பரிகையில் சாய்ந்திருந்தவர் மடியில் வெள்ளைப் பஞ்சு ஒன்று மிதந்து வந்து உட்கார்ந்தது. ராஜா சொக்கிப்போனார்.

"இது என்ன மந்திரியாரே?"

"எருக்கு விதை, மகாராஜா. பறந்து போய் முளைக்கும்" என்றார் மந்திரி இளநாகர்.

"அது பூத்திருப்பதை நான் பார்க்கணுமே."

இளநாகருக்குக் கூவலூர் என்ற ஊர் நினைவுக்கு வந்தது. நந்தவன அதிகாரி சயந்தர், அரண்மனைத் தாமரைக் குளத்துக்காகக் கூவலூர் மடையை அடைத்துவிட்டார். தண்ணீரில்லாமல் அந்த ஊரே ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்து கிடந்தது. மழைக்காலத்துக்குள் மடை திறக்காவிட்டால் வேற்று நாட்டுக்கே போய்விடுவார்கள். எத்தனை முறை சொன்னாலும் ராஜா தாமரையைப் பார்த்தபடி, "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். சொல்லி அலுத்தாயிற்று, இனிக் காட்டிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டார் மந்திரி.

மறுநாள் விடியலில் ராஜாவையும் சயந்தரையும் எருக்கு பூத்த இடத்துக்கு அழைத்துப் போனார். பனிமூட்டத்துக்குள் கண்ணுக்கெட்டிய மட்டும் வெளிர் ஊதாப் பூக்கள். பஞ்சு மெல்ல மெல்ல மிதந்தது.

"இவ்வளவு அழகா! இது யார் கைவண்ணம்?" என்று பரிசு கொடுக்க முத்துமாலையைக் கழற்றினார் ராஜா.

மாலை மந்திரிக்குப் போய்விடுமோ என்று சயந்தருக்கு வயிறு எரிந்தது. அந்தப் பக்கமே எட்டிப் பார்த்திராத மனிதர், முந்திக்கொண்டு சொன்னார். "அடியேன்தான் மகாராஜா. எல்லாம் என் ஏற்பாடு."

"சத்தியமான வார்த்தை. அவர் இல்லாவிட்டால் இங்கே ஒரு எருக்குகூட முளைத்திருக்காது" என்றார் மந்திரி. "இன்னும் கொஞ்சம் உள்ளே வாருங்கள் மகாராஜா."

செடிகளை விலக்கி நடந்த ராஜாவின் காலில் அம்மிக்கல் இடித்தது. அப்பால் ஒரு வாசற்படி, கூரை சரிந்த வீடு, காய்ந்த கிணறு. தூளிக்கயிறு இன்னும் உத்தரத்தில் தொங்கியது.

"இது யார் ஊர்?"

"தங்கள் ஊர்தான். கூவலூர். ஆட்கள் விட்டுப்போன இடத்தில் எருக்கு வரும் மகாராஜா. மடையை அடைத்தவர் இவர்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீர் சொன்னபோதெல்லாம் நான் கேட்கலையே" என்றார். முத்துமாலை கூவலூர்க்காரர்கள் வீடு கட்டப் போயிற்று. சயந்தர் அந்த ஊர் மடைக்கே காவலாள் ஆனார். தினமும் காலையில் அவரே திறந்துவிட வேண்டும்.

அடுத்த பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கமாலை கேட்டார் ராஜா. ஆட்கள் திரும்பி வந்துவிட்ட கூவலூர் முழுக்கத் தேடி, அரை முழம்தான் கொண்டு வந்தார்கள். ராஜா அதை ஆசையாய் வாங்கிப் பிள்ளையாருக்குச் சாத்தினார்.

"அடுத்த வருஷம் இதுவும் கிடைக்காமல் இருக்கணும், சாமி" என்று வேண்டிக்கொண்டார்.