கரும்புகை எங்கிருந்து வந்தது?

கைவேலை இருந்தால் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். சொல்லி முடித்ததும் நான் ஒன்று கேட்பேன். பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

கீழச்செவ்வூரில் பொற்கொடி என்று ஒருத்தி. அவள் வீட்டில் அறுபத்து நாலாம் வருஷத்து அம்பாசடர் கார் ஒன்று உண்டு. முன்பு மாமனார் ஓட்டினார், இப்போது அவள் ஓட்டுகிறாள். அதை ஓட்டை வண்டி என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வராதா பின்னே? ஊருக்குள் பஸ் வருவது இரண்டே வேளை. கடைசியாகப் பிறந்த ஏழு குழந்தைகளில் ஐந்து பேரின் அம்மாக்கள் அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அவள் மகள் யாழினி வயிற்றில் இருந்தபோதும் அதே பின்சீட்டுதான். அடுத்த வாரம் நாத்தனார் தேன்மொழிக்குத் தேதி.

வண்டிக்கு ஒரே குறை, பூட்டு. தேய்ந்து தேய்ந்து, பீரோச் சாவியைப் போட்டால்கூடத் திறந்துவிடும். அதனால் மாமனார் காலத்திலிருந்தே அந்த வீட்டில் ஒரு வழக்கம். வெளியில் எங்கே நிறுத்தினாலும் பானட்டைத் திறந்து, ரோட்டார் என்கிற கட்டைவிரல் அளவுத் துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். என்ஜினுக்கு நெருப்புப் பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். பொற்கொடி அதைப் போட்டு வைப்பது ஒரு காலிப் பவுடர் டப்பாவில். இரண்டு வயது யாழினிக்கு அந்த டப்பாதான் கிலுகிலுப்பை.

வண்டியின் பதிவைப் புதுப்பிக்கக் கடைசி நாள் வந்தது. மாலை நாலு மணிக்குள் முடியாவிட்டால் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் அவள் அலைந்த அலைச்சல் தனிக் கதை. வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் நம்பரைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்து வா என்றார்கள். கொண்டுபோனால், புத்தகத்தில் இருக்கும் நிறம் வேறு, வண்டி நிறம் வேறு என்றார்கள். இத்தனை வருஷம் வெயிலில் நின்றால் மனுஷனே நிறம் மாற மாட்டானா? எல்லாவற்றையும் தாண்டி, மிஞ்சி நின்றது புகைச் சான்றிதழ் ஒன்றுதான்.

ஆபீசுக்கு எதிரிலேயே புகைச் சோதனைக் கூடம். வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல் பானட்டைத் திறந்து மூடிவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள் பொற்கொடி. மிஷின் அருகில், சோதனை செய்கிற குபேந்திரன். பக்கத்து ஸ்டூலில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் புரோக்கர் தங்கப்பழம்.

“அக்கா, முன்னால நாலு வண்டி நிக்கி. சாவியைக் கொடுத்துட்டுப் போயி பிள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு வாங்க. நான் பார்த்து வைக்கேன்” என்றான் குபேந்திரன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தால், கையில் சீட்டு. ‘அளவுக்கு மீறிய புகை. தகுதியில்லை.’

“எப்படிப்பா? போன மாசந்தானே கார்புரேட்டரைப் பிரிச்சுச் சுத்தம் பண்ணினோம்?”

“என்னை ஏங்க்கா கேக்கீங்க? இருபது நிமிஷம் என்ஜினை ஓட விட்டுல்லா எடுத்திருக்கேன்.”

தங்கப்பழம் எழுந்து வந்தார். “நான் புகைக்குழாய்க்குப் பக்கத்துலயே நின்னேம்மா. யப்பா, குப்குப்புன்னு கரும்புகை மேல வந்து அப்பிட்டு! இது இனிமே காயலான் கடைக்குத்தான். அலையாதீங்க, எடைக்கு நானே எடுத்துக்கிடுதேன்.”

அந்த மாதிரி வண்டிக்குப் பட்டணத்து ஆசைக்காரர்கள் கொட்டிக் கொடுப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“ஏண்ணே, எடை போட என் வண்டி என்ன பழைய பேப்பரா?” என்றாள். உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் உழைத்த வண்டிக்கு ஒரு துண்டுச் சீட்டில் கொள்ளி வைப்பதா? தேன்மொழியை எதில் ஏற்றுவது? அப்போதுதான் இடுப்பிலிருந்த யாழினி டப்பாவை ஆட்டினாள். பொற்கொடி டப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர்கள் இருவரையும் முன்னால் விட்டுக்கொண்டு, நேராக எதிர் ஆபீசில் இருந்த ஆய்வாளர் மும்தாஜ் முன்னால் போய் நின்றாள்.

ஆய்வாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, உன் வண்டி நம்பர் போட்டோவோட இருக்கு. இவங்க ரெண்டு பேரும் கண்ணால பார்த்ததாச் சொல்றாங்க. அந்த நேரம் நீ அங்க இல்ல. உன் பக்கம் என்ன சாட்சி?”

மணி மூன்று பத்து. யாழினி டப்பாவை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளையை வெளிய கொண்டு போங்க, ஒரே சத்தம்” என்று முகம் சுளித்தார் தங்கப்பழம்.

பொற்கொடிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “பெருசா ஒண்ணும் வேண்டாம் மேடம். சாவி இன்னும் குபேந்திரன் கையிலதான் இருக்கு. என் வண்டியை இப்ப ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, போதும்.”

டேங்கில் பாதிப் பெட்ரோல் இருக்கிறது. பாட்டரி புதிது. இப்போது சொல்லுங்கள்: வண்டி கிளம்புமா? கிளம்பாவிட்டால் தோற்றது வண்டியா, அவர்களா?

விடை: ர்ர்ரென்று இழுத்ததே தவிர, வண்டி கிளம்பவில்லை. தோற்றது அவர்கள்தான். வேப்பமரத்தடியில் பானட்டைத் திறந்தபோதே ரோட்டார் டப்பாவுக்குள் போய்விட்டது. மகளோடு சோறு உண்ணவும் போய்வந்தது. சீட்டு வாங்கிய பிறகு பொற்கொடி வண்டிப் பக்கமே போகவில்லை, அவர்கள் இருவரும் கூடவேதான் இருந்தார்கள். அது இல்லாத என்ஜின் இருபது நிமிஷம் எப்படி ஓடும்? நம்பர் போட்டோ இந்த வண்டியுடையது, புகை வேறு ஏதோ வண்டியுடையது. கரும்புகை மேலே அப்பியது என்றாரே தங்கப்பழம், அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கரி இருந்ததா? ஆய்வாளர் ரோட்டாரை மாட்டச் சொல்லி, தன் கண்முன்னே மறுபடி சோதிக்க வைத்தார். புகை அளவுக்குள்தான் இருந்தது. மூன்றே முக்காலுக்குப் பதிவுப் புத்தகத்தில் முத்திரை விழுந்தது. ஆறாம் நாள் தேன்மொழி அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரி போனாள். சோதனைக் கூடத்தின் கதவில் இப்போது பூட்டுத் தொங்குகிறது. பீரோச் சாவிக்குத் திறக்கிற பூட்டு இல்லை அது.