ஸ்டெல்லா மிஸ்ஸின் டிஸ்க்

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் ஒரு டிஸ்கை ஃபார்மட் செய்தாக வேண்டும்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில், பெனாசிரின் கம்ப்யூட்டர் கடை. குருவுக்கு வயது இருபத்தேழு. சீடர் வெள்ளிங்கிரிக்கு ஐம்பத்தொன்று; பஸ் டிப்போ வேலையை விட்டுவிட்டுத் தொழில் கற்க வந்தவர்.

காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஸ்டெல்லா மிஸ், தன் மையத்துக் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். கூடவே, வெளியே எடுத்துப் போக நாலு டெராபைட் டிஸ்க் ஒன்று. அதில் பன்னிரண்டு வருஷத்துப் பதிவுகளை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் முதன்முதலாகச் சொன்ன சொல்.

"டீச்சர், இருக்கறதிலயே நல்ல ஃபைல் சிஸ்டம் எதுங்க?" என்று பெனாசிரைக் கேட்டார் வெள்ளிங்கிரி. எதை எங்கே வைத்தோம் என்று டிஸ்க் நினைவில் வைத்துக்கொள்ளும் முறைக்குத்தான் அந்தப் பெயர்.

பெனாசிர் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். "நீங்களே பார்த்துப் போடுங்கண்ணா."

மூன்று நாள் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். நாலாம் நாள் முகமெல்லாம் வெளிச்சம்.

"ஸெட்.எஃப்.எஸ். போட்டுட்டனுங்க. லினக்ஸ்காரங்க அத்தன பேரும் இதுக்குத்தான் கும்புடு போடறாங்க. ஒரு எழுத்து கெட்டாலும் கண்டுபுடிச்சிருமுங்க."

"மிஸ்கிட்டச் சொன்னீங்களா?"

"அவங்களுக்கு என்னங்க தெரியும் இதெல்லாம்?"

பதிவுகளை ஏற்றி முடித்த மறுநிமிஷம், மையத்துக் கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க் கிர்ரென்று இழுத்து நின்றேவிட்டது. இனி எல்லாம் புதியதில்தான்.

இன்னும் சிரிக்க வேண்டாம்.

"நானே குடுத்தர்றேன்" என்று பெனாசிர் புது டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

அரை மணி கழித்துக் கடையின் லேண்ட்லைன் அடித்தது.

"ஏனுங்க, ஸ்டெல்லா மிஸ் பேசறனுங்க. டிஸ்கை என்ற லேப்டாப்புல சொருகினனுங்க. படிக்க முடியல, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுது."

வெள்ளிங்கிரி எழுந்து நின்றுவிட்டார். "நீங்க... என்னங்க பண்ணுனீங்க?"

"இவ்வளவு மரியாதையாக் கேக்குதேன்னு 'சரி'ய அமுக்கிட்டனுங்க."

"ஐயோ, அத்தனையும் அழிஞ்சிருமுங்க! ஒயரப் புடுங்குங்க!"

"எந்த ஒயருங்க, ஃபேனுதுங்களா?"

"டிஸ்க் ஒயருங்க, மிஸ்!"

"பச்சைக் கோடு ஒண்ணு அழகா ஓடுதுங்க. எண்பது பர்சன்ட்டுங்க."

ஏற்றும்போது ஒரே ஒரு பதிவை வெள்ளிங்கிரி திறந்து கேட்டிருந்தார். ஆறு வயதுப் பையன், நாலு முறை முட்டி மோதி, "தண்ணி" என்றான். ரிசீவரை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுங்க, மிஸ். நான்தான் உங்களக் கேக்காம..."

கதவு திறந்தது. குடையை உதறிக்கொண்டே ஸ்டெல்லா மிஸ் உள்ளே வந்தார்.

"டிஸ்க் ரெடின்னு பெனாசிர் கூப்பிட்டாங்க. வாங்கிக்கலாங்களா?"

"தொண்ணூத்தெட்டுங்க" என்றார் காதுக்குள் இருந்த ஸ்டெல்லா மிஸ்.

வெள்ளிங்கிரி வாசலைப் பார்த்தார். ரிசீவரைப் பார்த்தார். மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

"...டீச்சர்?" என்றார் ரிசீவரிடம்.

போனில் டீக்கடை டம்ளர் சத்தம். பிறகு பெனாசிரின் சொந்தக் குரல்.

"டிஸ்க் எங்கிட்டத்தான் பத்திரமா இருக்குதுங்கண்ணா. நீங்க போட்ட ஸெட்.எஃப்.எஸ்.ஸ விண்டோஸ் லேப்டாப்புல சொருகினா இப்படித்தான் கேக்கும். மிஸ் என்ன லேப்டாப் வெச்சிருக்காங்கன்னு கேட்டீங்களா?"