கவிழ்த்து வைத்த பரிசல்

பிள்ளைகளே, அடர்ந்த காடு ஒன்றை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்து ஓடியது. நடு ஆற்றில் முதலைகள் கிடந்ததால் அதை நீந்திக் கடக்க யாருக்கும் துணிவில்லை. நீர்நாய்தான் தன் மூங்கில் பரிசலில் எல்லா மிருகங்களையும் அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் விடும்.

அந்தப் பரிசலுக்கென்று காட்டில் ஒரு சட்டமே இருந்தது. நீர்நாயைக் கேட்காமல் அதை எடுப்பது குற்றம். கேட்காமல் எடுத்தது என்று தெரிந்தும் அதில் ஏறுவதும் குற்றம்.

ஒருநாள் காலை முயலின் மனைவியும் குட்டிகளும் புல் மேய அக்கரைக்குப் போயிருந்தன. பொழுது சாய்ந்தால் அங்கே கழுதைப்புலி கிளம்பிவிடும். வெயில் இருக்கும்போதே அவற்றைக் கூட்டி வருவதாக நீர்நாய் வாக்குக் கொடுத்திருந்தது. ஆனால் மதியம் கடந்த பிறகும் பரிசல் இக்கரையில் கவிழ்ந்தே கிடந்தது. நீர்நாயோ பாறைக்குப் பின்னால் கண்ணயர்ந்திருந்தது.

முயல் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. மேகம் வெயிலை மறைத்தாலே புதருக்குள் ஓடிப் பதுங்கும். பரிசலையும் அக்கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து நரி வந்து சேர்ந்தது. அக்கரை நண்டுகள் மேல் அதற்கு வெகுநாளாக ஒரு கண். தனியாளாகப் போனால் பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும் என்பதும் அதற்குத் தெரியும்.

“முயலண்ணே, ஏன் இப்படித் தவிக்கிறீங்க? வாங்க, நாமே போய்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துடலாம்.”

“நீர்நாயோட பரிசலாச்சே. கேட்காம தொடக்கூடாது. ஒரு குரல் கொடுத்தா எழுந்து வருவாரு.”

“தூங்குறவரை எதுக்கு எழுப்பணும்? கவுத்துப் போட்டிருக்காரு பாருங்க. இன்னைக்கு அவருக்கு அது வேணாம்னுதானே அர்த்தம்? எடுத்த இடத்துலயே வச்சிட்டா யாருக்கு நஷ்டம்? எடுக்கிறது நான். நீங்க சும்மா உக்காந்து வாங்க.”

கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று முயலுக்கு வாய்வரை வந்தது. நரி கேலி செய்யுமோ என்று அதற்கும் ஒரு பயம். நரி பரிசலைத் தண்ணீரில் இறக்கியதும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கரை விலகிப் போனது. சிறிது நேரத்தில் முயலின் பாதத்தில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால், அடியில் பூசியிருந்த பிசின் இளகிப் பிரிந்து, மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

“நரியாரே, தண்ணி ஏறுது.”

“கையால இறைங்க.”

முயல் இறைத்தது. இறைக்க இறைக்கத் தண்ணீர் கூடியது. சற்றுத் தள்ளி மரக்கட்டை போல மிதந்த ஒன்று கண்ணைத் திறந்தது.

நரி அதைப் பார்த்தது. உடனே துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்து, வந்த கரைக்கே நீந்தி, காட்டுக்குள் ஓடி மறைந்தது.

பரிசல் சுழன்றது. முயல் போட்ட கூச்சலில் விழித்த நீர்நாய் ஆற்றில் பாய்ந்து, அதன் காதைக் கவ்விக் கரைக்கு இழுத்து வந்தது. பரிசல் முழுகி ஆற்றோடு போய்விட்டது.

“எடுத்தது நரிதாங்க. நான் சும்மா உக்காந்துதான் போனேன்,” என்றது முயல்.

“என்னை எழுப்பிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே,” என்றது நீர்நாய். “காலையில கல்லுல மோதி அடியில விரிசல் விட்டுடுச்சு. பிசின் பூசிக் காயப் போட்டிருந்தேன். உன் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரத்தான்.”

“தப்புதான். சட்டப்படி எந்தத் தண்டனை வேணும்னாலும் கொடுங்க.”

“சட்டம் கிடக்கட்டும். புதுசா ஒண்ணு பின்ன நாளாகும். முதலைங்க முழிச்சிடுச்சு, இனி நீந்தவும் முடியாது. இப்ப எதுல போய் அதுங்களைக் கூட்டிட்டு வர்றது?”

வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. அக்கரையில் இருந்தவற்றை எங்காவது போய் ஒளிந்துகொள்ளச் சொல்லி முயல் இரண்டு கைகளையும் வீசி வீசிக் காட்டியது.

அக்கரையில் குட்டிகள் அதைப் பார்த்துவிட்டன. அப்பா அழைத்துப் போக வரப்போகிறது என்ற மகிழ்ச்சியில், புதரைவிட்டுத் துள்ளி ஓடி வந்து வெட்டவெளி மணலில் நின்றுகொண்டன.

நீதி: அடுத்தவர் வாகனத்தைக் கேளாமல் எடுப்பது குற்றம், அது தெரிந்தே அதில் ஏறி உட்காருவதும் அதே குற்றம்.